காலிக் கஜானா, கலப்பட வெள்ளி: செவெரஸ் எந்த வழியில் போயிருக்கலாம்?

கி.பி. 193, மார்ச் 28. ரோமப் பேரரசர் பெர்டினாக்ஸை அவருடைய மெய்க்காவல் படையினரே வெட்டிப் போட்டார்கள். அவர் ஆண்டது 87 நாள். கொன்ற கையோடு, அந்தப் படையினர் தங்கள் முகாமிலேயே பதவியை ஏலம் விட்டார்கள். உள்ளே இருந்த சுல்பிகியானஸ் (செத்தவருக்கு மாமனார்!) ஆளுக்கு 20,000 செஸ்டெர்ஸ் (அன்றைய ரோமக் காசு) வரை போனார். வெளியே நின்ற டிடியஸ் யூலியானஸ் ஒரே தாவலாக 5,000 ஏற்றி, உரக்கக் கத்தி, விரல்களாலும் காட்டி, 25,000-க்கு ஏலத்தை முடித்தார். சுமார் இரண்டு மாதத்தில் அவர் தலையும் போயிற்று. ஜூன் மாதம் டான்யூப் எல்லைப் படைகளோடு ரோமுக்குள் நுழைந்தவர் செப்டிமியஸ் செவெரஸ்.

அவர் படையும் சும்மா வரவில்லை. அந்தக் காலத்தில் அக்டேவியனை (பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ் ஆனவர்) கூட்டிவந்தவர்களுக்குக் கொடுத்தீர்களே, எங்களுக்கும் ஆளுக்கு 10,000 கொடு என்று நின்றது. இருநூறு வருடத்துக்கு முந்தைய கணக்கு அது. மற்றவர்களுக்கு அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை என்று எழுதுகிறார் அப்போது செனட்டில் இருந்த காஸியஸ் டியோ. கடைசியில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துச் சமாளித்தார்கள். பெர்டினாக்ஸ் பதவியேற்றபோது கஜானாவில் இருந்ததே மொத்தம் பத்து லட்சம் செஸ்டெர்ஸ்தான் என்பதும் டியோ சொன்னதுதான். யூலியானஸ் விலைக்குக் கணக்குப் போட்டால் அது நாற்பது மெய்க்காவலர்களுக்குக் காணும்.

எனக்கு வெகுநாளாக ஒரு விளையாட்டு உண்டு. அந்த ஜூன் மாதத்தில் செவெரஸின் கணக்குப்பிள்ளையாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பின்னால் நடந்தவை நமக்குத் தெரியும் என்பதால் இது கொஞ்சம் அநியாயமான விளையாட்டுதான். இருந்தாலும் ஆடிப் பார்ப்போம். அவர் முன்னால் இருந்த வழிகளில் சிலவற்றை அவருக்கு முன்பே சிலர் செய்து பார்த்திருந்தார்கள். சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள்.

முதலில் காசு. ரோமின் முதுகெலும்பு தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு, கி.மு. 211 வாக்கில் பிறந்தது. நான்கு செஸ்டெர்ஸ் ஒரு தெனாரியஸ். இருபத்தைந்து தெனாரியஸ் ஒரு ஔரியஸ், அதாவது பொற்காசு. இந்த 25-ஐ மட்டும் மறக்காதீர்கள்; கதை முழுக்க வரும்.

செலவு என்றால் படைதான். பேரரசர் டொமிஷியன் காலத்திலிருந்து லீஜியன் என்ற பெரும் படைப்பிரிவின் வீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 300 தெனாரியஸ். முப்பது லீஜியன், லீஜியனுக்கு 5,000 பேர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு நாலரைக் கோடி தெனாரியஸ். ஒரு காசு 3.2 கிராம் என்று பிடித்தால் 144 டன். துணைப்படை, கடற்படை, அதிகாரிகள் எல்லாம் இதற்கு மேல். இத்தனையும் ஆண்டுதோறும் புதிதாக அடிக்க வேண்டியதில்லை. வரியாகத் திரும்பி வரும் காசையே மறுபடி கொடுக்கலாம். வரவுக்கும் செலவுக்கும் இடையில் விழும் துண்டுக்குத்தான் புது வெள்ளி வேண்டும்.

அந்தப் புது வெள்ளிதான் வரவில்லை. குடியரசுக் காலத்தில் ஸ்பெயினின் கார்த்தகோ நோவா சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்தார்கள், நாளொன்றுக்கு 25,000 டிராக்மா ரோமுக்குப் போயிற்று என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். அது பழங்கதை. பிறகு கைகொடுத்த ரியோ டின்டோ பகுதிக்கு 165-இல் தொடங்கிய பெருங்கொள்ளைநோயும், 170-களில் ஆப்பிரிக்காவிலிருந்து தென் ஸ்பெயினுக்குள் புகுந்த மூரியர்களின் தாக்குதலும் அடி கொடுத்தன. வெள்ளியைப் பிரித்தெடுக்கும்போது எழும் ஈயப் புகை காற்றில் கலந்து கிரீன்லாந்துப் பனிப்பாளம் வரை போய்ப் படிந்திருக்கிறது. அந்தப் பனியைத் துளைத்து எடுத்து ஆண்டுவாரியாக அளந்தபோது, கொள்ளைநோய்க்குப் பின் ஈயம் சடாரென்று விழுவது தெரிகிறது. சுரங்கத்தில் ஆள் செத்ததற்குப் பனியே சாட்சி.

ஆக, கையில் வெள்ளி குறைவு, வாசலில் வாள் அதிகம்.

சுத்த வெள்ளியும் சிக்கனமும்

யோக்கியமான வழி இது. பெர்டினாக்ஸ் இதைத்தான் செய்தார். தனக்கு முன் ஆண்ட கொமோடஸ் காலத்தில் நூற்றுக்கு எழுபதைச் சுற்றி இறங்கியிருந்த மாற்றை, அதாவது காசில் வெள்ளியின் பங்கை, எண்பதுக்கு மேல் உயர்த்தினார்; கொமோடஸ் சேர்த்து வைத்திருந்த ஆடம்பரச் சாமான்களை ஏலத்துக்கு விட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிற வெள்ளியில் காசுக்கு அதிகம் போட்டால் காசின் எண்ணிக்கை குறையும். படைவீரன் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறான். அவனுக்கு வாக்குக் கொடுத்ததும் எண்ணிக்கையில்தான். கஜானா காலியாக இருக்கும் நேரத்தில் மாற்றை உயர்த்துவது, அரிசி குறைவாக இருக்கும் நாளில் ஆழாக்கைப் பெரிதாக்குவது போல.

பணம் இருந்தபோதே இது நிலைக்கவில்லை. டொமிஷியன் 82-இல் மாற்றைக் கிட்டத்தட்ட சுத்த வெள்ளி வரை ஏற்றினார். அடுத்த ஓரிரு ஆண்டில் சம்பளத்தையும் 225-இலிருந்து 300-க்கு உயர்த்தினார். 85-இல் மாற்றை மறுபடி இறக்க வேண்டி வந்தது. செவெரஸ் குடும்பத்தின் ஆட்சிக்கு நடுவில் 217-இல் ஆட்சிக்கு வந்த மக்ரினஸும் மாற்றை ஏற்றினார், புதிதாகச் சேரும் வீரர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார். அடுத்த ஆண்டே தோற்று, ஓடி, கொல்லப்பட்டார். செனட்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில், படைக்கு இவ்வளவும் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது என்று புலம்பியிருக்கிறார். ரோம நிதிநிலையைப் பற்றி எழுதப்பட்டதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

பெர்டினாக்ஸ் மாற்று ஏற்றியதற்காகக் கொல்லப்பட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்று ஏற்றியது அவர் உயிரைக் காப்பாற்றவும் இல்லை.

எடையில் கை வைப்பது

64-இல் நீரோ செய்தது. அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு. அவர் 96 ஆக்கினார். பொற்காசையும் 40-லிருந்து 45 ஆக்கினார். அதே ஆண்டு ஜூலையில் ரோம் எரிந்து, ஊரைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். (நீரோ அதோடு விடவில்லை; மாற்றையும் எண்பது வரை இறக்கி, பிற்பாடு ஓரளவு ஏற்றினார்.)

எடைக் குறைப்பில் லாபம் கொஞ்சம்தான்: ஏழு காசு இருந்த இடத்தில் எட்டு. செவெரஸுக்கு வேண்டியதற்கு அது பற்றாது. அதைவிட முக்கியம், எடை உடனே பிடிபட்டுவிடும். தராசு இல்லாத சந்தை உண்டா? ரோமில் காசைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துச் சொல்லும் நுமுலாரியஸ் என்ற தொழில்காரர்கள் இருந்தார்கள். சங்ககாலத் தமிழில் அதே வேலைக்காரர் வண்ணக்கர். இவர்களுக்குக்கூட மாற்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எடைக்கு அது தேவையில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கிளாடியஸ் காலத்தில் ரோமர் ஒருவருடைய ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினான். அவனிடம் இருந்த தெனாரியஸ்களைப் பார்த்த அரசன், தலைகள் வேறுவேறாக இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருக்கிறதே என்று வியந்தானாம். பிளினி சொல்லும் கதை. தலை யாருடையது என்பது அரசனுக்குப் பொருட்டில்லை. கொங்கு நாட்டுப் புதையல்களைப் பாருங்கள்: குவியல் குவியலாகக் கிடைத்த ரோம வெள்ளியில் மிகப் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள், அதாவது நீரோவின் குறைப்புக்கு முந்தியவை. அதற்குப் பிந்திய தெனாரியஸ் இங்கே அபூர்வம். கடல் தாண்டி வியாபாரம் செய்பவனுக்குக் காசு என்பது முத்திரை போட்ட வெள்ளிக்கட்டி, அவ்வளவே. எடை குறைந்தால் அவன் பழைய காசைத் தேடுவான், இல்லாவிட்டால் பொன்னுக்கு மாறுவான்.

செம்பைக் கலப்பது

செவெரஸ் தேர்ந்தெடுத்தது இதை. காசின் பெயர், அளவு, மதிப்பு எதையும் தொடவில்லை. 194, 195 வாக்கில் வெள்ளி பாதியைச் சுற்றி வந்துவிட்டது. மாற்று எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினால், முன்பு 100 காசுக்குப் போன வெள்ளியில் 140 காசு வரும். எடைக் குறைப்பு கொடுத்த லாபத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று பங்கு.

வெளியே தெரியாமல் இதைச் செய்வதற்கு, காசு அடிக்கும் அக்கசாலையில் ஒரு கைவேலை இருந்தது. காசு அடிப்பதற்கு முந்தைய வில்லையைச் சூடேற்றினால் மேல்பரப்பில் உள்ள செம்பு கறுத்துவிடும். அதைப் புளித்த கரைசலில் போட்டால் செம்பு மட்டும் கரைந்து போய், வெள்ளி மேலாகத் தங்கும். பிறகு முத்திரையால் ஓங்கி அடித்தால் அந்தத் தோல் இறுகி, பளபளவென்று சுத்த வெள்ளி மாதிரி இருக்கும். நம் வீட்டில் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்புக்கு வரும் மினுக்கம் மாதிரிதான். ஆனால் இங்கே உள்ளே இருப்பது வேறு. இந்தத் தோல் நவீன ஆய்வாளர்களையே ஏமாற்றியிருக்கிறது. மேற்பரப்பை மட்டும் அளந்த பழைய ஆய்வுகள் மாற்றைக் கூடுதலாகக் காட்டின. காசில் நுண்துளை போட்டு உள்ளே இருந்து எடுத்து அளந்த பிறகுதான் பல பேரரசர்களின் சாயம் வெளுத்தது.

குறை இல்லையா? உண்டு. நல்ல காசும் மட்டக் காசும் ஒரே மதிப்பில் ஓடும்போது நல்லது பானைக்குள் போய்விடும், மட்டமானது கைமாறிக்கொண்டே இருக்கும். இதற்கு ரோமிலேயே கண்முன் உதாரணம் இருந்தது. கி.மு. 32-31இல், ஆக்டியம் போருக்கு முன் மார்க் ஆன்டனி தன் படைக்கு அடித்த தெனாரியஸ் அந்தக் காலத்துக்கு மட்டமான மாற்று. அதனாலேயே யாரும் அதை உருக்கவில்லை, பதுக்கவில்லை; தேய்ந்து முகம் தெரியாமல் இருநூறு வருடத்துக்கு மேல் சந்தையில் சுற்றியது. ஜெர்மானியர்கள் வெகுகாலமாகத் தெரிந்த பழைய காசைத்தான் வாங்குவார்கள், விளிம்பில் பல் வெட்டியதும் இரட்டைக் குதிரைத் தேர் போட்டதும்தான் அவர்களுக்கு நம்பிக்கை என்று டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். செம்பு கலக்கும் அரசன் இதை நினைவில் வைக்க வேண்டும்: பழைய நல்ல காசு பானைக்குள் போனால் வரியாகத் திரும்பி வராது, உருக்கக் கிடைக்காது. லாபம் முதல் சில ஆண்டுகளுக்குத்தான் கொழுக்கும்.

ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கும் கேடு, விலை ஏற்றம், அதுதான் வரவில்லை. இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம். வெள்ளி பாதியானால் விலை இரட்டிப்பாக வேண்டும் என்று பள்ளிக்கூடக் கணக்குச் சொல்கிறது. எகிப்தின் பாப்பிரஸ் சீட்டுகளில் கோதுமை, கழுதை, கூலி, நிலம் எல்லாவற்றுக்கும் விலை எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் விலை இரட்டிப்பானது செவெரஸுக்கு முன்னால், கொள்ளைநோயை ஒட்டிய ஆண்டுகளில். அதன்பின் 270-கள் வரை, மாற்று படிப்படியாக இறங்கிக்கொண்டே இருந்த முக்கால் நூற்றாண்டுக்கு மேல், விலை ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. எகிப்துக்குத் தனி நாணயம், ரோம் முழுவதற்கும் இதை அளவுகோலாக்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனாலும் மக்கள் காசை உருக்கிப் பார்த்து விலை சொல்லவில்லை என்பது தெளிவு. அந்தக் காசை அரசு வரிக்கு வாங்கிக்கொள்கிறதா, பொன்னுக்கு 25 என்ற கணக்கு நிற்கிறதா, இவைதான் கேள்வி.

ஒன்றை இரண்டு என்று சொல்வது

செவெரஸின் மகன் கராகல்லா படைச் சம்பளத்தை ஒன்றரை மடங்காக்கினார். இதற்கு மட்டும் ஆண்டுக்கு ஏழு கோடி தெனாரியஸ் கூடுதல் என்று மக்ரினஸ் பின்னால் கணக்குச் சொன்னார். அந்த ஓட்டையை அடைக்க 215-இல் ஒரு புதுக் காசு வந்தது. அந்தோனினியானஸ் என்று இன்று அழைக்கிறார்கள். அரசர் தலையில் கதிர்க்கிரீடம், எடை சுமார் 5 கிராம், மாற்று பாதி. மதிப்பு இரண்டு தெனாரியஸ் என்றுதான் பெரும்பாலோர் கொள்கிறார்கள். உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைத் தெனாரியஸுக்குக் கொஞ்சம் மேல்.

மேலோட்டமாகப் பார்த்தால் செம்பைக் கலப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஏமாற்றுதான். வித்தியாசம் உண்டு. கலப்படக் காசு பழைய காசின் பெயரிலேயே ஓடுகிறது. வாங்குபவன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இரட்டைக் காசோ, வாங்கும் ஒவ்வொருவனையும் இரண்டு தெனாரியஸைப் பக்கத்தில் வைத்துத் தராசில் போட்டுப் பார்க்கத் தூண்டுகிறது. பொய்யை எடைக்கல்லோடு சேர்த்தே கொடுத்த மாதிரி. சில ஆண்டுகளில் அதை நிறுத்தினார்கள். 238-இல் பணமுடையில் மறுபடி எடுத்தார்கள். அதற்குப்பின் தெனாரியஸ் அச்சே ஏறக்குறைய நின்றுபோயிற்று. டெசியஸ் ஆட்சியில், 250 வாக்கில், கூத்து உச்சத்துக்குப் போனது. செவெரஸ் காலப் பழைய தெனாரியஸ்களையே எடுத்து, உருக்காமல், அவற்றின் மேலேயே புது முத்திரையை அடித்து இரட்டைக் காசாக வெளியே விட்டார்கள். அடியில் பழைய முகத்தின் மூக்கும் எழுத்தும் எட்டிப் பார்க்கும் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒரே அடியில் ஒன்று இரண்டாகிவிட்டது.

260-இல் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் ஊரில் காசு மாற்றும் கடைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள். பேரரசரின் காசை வாங்க மனமில்லை. கடையைத் திற, கள்ளக்காசு தவிர எல்லாவற்றையும் வாங்கு, இல்லாவிட்டால் தண்டனை என்று அதிகாரி போட்ட உத்தரவு பாப்பிரஸில் தப்பிப் பிழைத்திருக்கிறது. காசு செல்லும் என்று உத்தரவு போட வேண்டிய நிலை வந்தாலே கதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பத்தாண்டின் கடைசியில் வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்று.

இதைச் சரிசெய்ய வந்தவர் பேரரசர் அவுரேலியன். முதலில் ரோம அக்கசாலைக்காரர்களே கலகம் செய்தார்கள்; அடக்கப் போன படையில் ஏழாயிரம் பேர் செத்தார்கள் என்று பழைய வரலாறு சொல்கிறது. காசு அடிப்பவனுக்குத் திருட்டில் எவ்வளவு பங்கு இருந்திருந்தால் இவ்வளவு ஆவேசம் வந்திருக்கும்! 274-இல் மாற்றை ஐந்துக்கு ஏற்றி, XXI என்று அடையாளமும் போட்டுப் புதுக் காசு வெளியிட்டார். முன்பிருந்ததைவிட நல்ல காசு. எகிப்தில் விலைகள் பல மடங்கு எகிறுவது சரியாக அப்போதுதான். மாற்று இறங்கியபோது அசையாத விலை, மாற்று ஏறியபோது பறந்தது. பழைய காசுக்கும் புதுக் காசுக்கும் பொன்னுக்கும் இருந்த உறவை அரசே கலைத்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

காசே வேண்டாம்: தானியமும் பறிமுதலும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் செவெரஸ் கேட்காமலே செய்தார். 197 பிப்ரவரியில் லியோன் அருகே போட்டியாளர் அல்பினஸைத் தோற்கடித்த பிறகு, அவருக்கு ஆதரவாக இருந்த செனட்டர்களில் 35 பேரை விடுவித்து 29 பேரைக் கொன்றார். சொத்து அரசருக்கு. பணம் ஏராளமாக வந்தது. ஆனால் ஒரு குடும்பத்தை ஒருமுறைதான் கொள்ளையடிக்க முடியும். படைக்கு வேண்டிய தானியத்தையும் எண்ணெயையும் மாகாணங்களிடமிருந்து பொருளாகவே வாங்குவது அதைவிட நிதானமான வழி. பின்னால் வந்த நூற்றாண்டில் படைச்செலவின் பெரும்பகுதி இப்படித்தான் ஓடியது. விவசாயிக்கு இது காசுவரியைவிடக் கடினம், காரணம் படை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஊர்தான் சுமக்க வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை.

என் ஓட்டு

செவெரஸ் செய்ததற்கே போடுவேன். வெள்ளியில் செம்பைக் கலந்தவர் பொன்னைத் தொடவில்லை. ராத்தலுக்கு 45 என்பது அவர் சாகும்வரை நின்றது. 202-இல் ஆட்சியின் பத்தாம் ஆண்டு விழாவில் மெய்க்காவலருக்கும் இலவசத் தானியம் வாங்கும் குடிமக்களுக்கும் ஆளுக்குப் பத்துப் பொற்காசு கொடுத்தார், மொத்தம் 20 கோடி செஸ்டெர்ஸ். பெரிய நன்றிக்கடனைப் பொன்னிலும் அன்றாடப் புழக்கத்தை வெள்ளியிலும் தீர்த்திருக்கிறார். ஒரு பொற்காசுக்கு 25 தெனாரியஸ் என்ற கணக்கு நின்றவரை, அந்த 25-க்குள் எவ்வளவு செம்பு என்று சந்தை அதிகம் கவலைப்படவில்லை.

ஆனால் கணக்குப்பிள்ளையாக ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பேன்: சம்பளத்தை உயர்த்தாதே, உயர்த்தினால் பொன்னைத் தொடாதே. 211-இல் சாகும்போது செவெரஸ் மகன்களுக்குச் சொன்னது இதற்கு நேர் எதிர்: ஒற்றுமையாக இருங்கள், படைவீரர்களுக்கு வாரிக் கொடுங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். முதலாவதை மூத்தவன் கராகல்லா அந்த ஆண்டே தம்பியைக் கொன்று மீறினான். இரண்டாவதை அப்படியே செய்தான். 215-இல் பொற்காசையும் ராத்தலுக்கு 50 ஆக்கினான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, காலியாவில் (இன்றைய பிரான்ஸ்) ஒரு கனவான் தன் பெருமையைக் கல்லில் வெட்டியபோது, பிரிட்டனில் இருந்த ஆளுநர் தனக்கு அனுப்பிய 25,000 செஸ்டெர்ஸ் சம்பளம் பொன்னாகவே வந்தது என்று மறக்காமல் பதிந்திருக்கிறார்.

டியோவுக்கு கராகல்லா மேல் இருந்த ஆத்திரம் வேறு மாதிரி. எல்லைக்கு வெளியே இருந்த ஜெர்மானியர்களுக்கு அவன் கொடுத்த பொன் சுத்தப் பொன்; ரோமர்களுக்குக் கொடுத்ததோ வெள்ளி முலாம் பூசிய ஈயம், பொன் முலாம் பூசிய செம்பு என்று எழுதுகிறார். இன்று காசுகளைத் துளைத்துப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை; வெள்ளி பாதிக்குப் பாதி இருக்கிறது, பொற்காசும் பொன்தான். ஆனால் செனட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் தன் பையில் இருந்ததை ஈயம் என்று நம்பியிருக்கிறார்.